மாசிலாமணியின் காயம்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிறது திருமுல்லைவாயில். அங்கே மூலவரை ஆண்டு முழுவதும் சந்தனக் காப்போடுதான் தரிசிக்க முடியும். சித்திரைச் சதயத்தன்று மட்டும் பழைய காப்பைக் களைகிறார்கள். தொண்டைமான் மன்னனின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, அவன் வாளால் வெட்ட, கொடிக்குள் மறைந்திருந்த லிங்கத்தில் வாள் பட்டு ரத்தம் கசிந்தது என்பது தலபுராணம். அந்தக் காயத்துக்குத்தான் சந்தனம். அதே சந்நிதியில் இரண்டு வெள்ளெருக்குத் தூண்களும் நிற்கின்றன. சந்தனம் தோலுக்குக் குளிர்ச்சி. எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் பார்வை மங்கிவிடும். இரண்டும் இயற்கைதான், இரண்டும் கோயிலுக்குள் புனிதம்தான். ஆனாலும் ஒன்று காயத்தின் மேல் இருக்கிறது, மற்றது தூணாக எட்டி நிற்கிறது. கர்ப்பிணிக்கும் பச்சிளம் குழந்தைக்கும் என்று இன்று விற்கப்படும் எண்ணெய், பொடி, சோப்புகளின் அட்டையில் இந்த எட்டத்தைக் காணோம். ‘இயற்கையானது, ஆகவே மென்மையானது’ என்கிறது அட்டை. எனக்கு வழக்கு அந்த ‘ஆகவே’யோடுதான். இயற்கை என்பது ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் சொல்; அந்தப் பொருள் நம்மை எப்படி நடத்தும் என்று சொல்லும் சொல் அல்ல.

இது மரபுக்கு எதிரான பேச்சு என்று தோன்றலாம். மரபைக் கேட்டால் அது வேறு சொல்கிறது. சித்த மருத்துவத்தில் சரக்கைப் பறித்தவுடன் பயன்படுத்துவதில்லை. முதலில் ‘சுத்தி’ செய்ய வேண்டும். இஞ்சிக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு என்று ஒவ்வொன்றிலும் எதை நீக்குவது என்ற கணக்கு உண்டு. வசம்பை எடுத்துக்கொள்வோம். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குச் செல்லப் பெயர். இரவில் வாயால் சொல்லக் கூடாது என்பதால் ‘பேர் சொல்லாதது’ என்றும் பெயர். அதை விளக்கில் கருகச் சுட்டு, உரைகல்லில் ஓரிரு இழைப்பு இழைத்துத்தான் கொடுப்பார்கள். இன்று அதே வசம்பைச் சுடாமல் துண்டாக்கி, கறுப்பு மணியோடு கோத்து, குழந்தைக்கு வளையலாகப் போடுகிறார்கள். பல் முளைக்கும் பருவத்துப் பிள்ளை கையில் இருப்பதை எங்கே கொண்டுபோகும்? வசம்பு எண்ணெய் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியது தெரிந்து, 1968-ல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. நெருப்பைக் கழற்றிவிட்டு மூலிகையை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் சூட்டுவதுதான் மரபை மீறுவது.

நம் சமயமும் இயற்கையைச் சாதுவாகக் கண்டதில்லை. திருவேற்காட்டில் கருமாரியை வணங்குகிறவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லாத விஷயம். அம்மை என்ற ஒரே சொல்தான் தாயையும் குறிக்கிறது, கொப்புளத்தையும் குறிக்கிறது. கொடுப்பவளும் அவளே, இறக்கிக்கொள்பவளும் அவளே. வேப்பிலை அவளுடையது என்பதால் பக்தியோடு பயமும் சேர்ந்தே வருகிறது. அந்தப் பயம் வீண் இல்லை. மலேசியாவில் கைக்குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுத்த வேப்பெண்ணெய் வாந்தி, வலிப்பு, மூளைப் பாதிப்பு வரை கொண்டுபோனதை 1981-ல் ‘லான்செட்’ இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். வாசலில் செருகிய வேப்பிலையும் சங்கில் ஊற்றிய வேப்பெண்ணெயும் ஒரே மரத்தினுடையவைதாம்.

‘அப்படியானால் ரசாயனம் மட்டும் நல்லதா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். (ஆயுளை நீட்டும் மருந்துக்கு ரசாயனம் என்று பெயர் வைத்திருந்தது ஆயுர்வேதம், அந்தச் சொல்லே இன்று விஷத்துக்கு மறுபெயராகிவிட்டது.) ஆனால் இதற்கு உதாரணமாக எல்லோரும் நீட்டும் குழந்தைப் பவுடரையே பாருங்கள். அதன் மூலப்பொருளான டால்க் ஆலையில் செய்தது அல்ல, மண்ணிலிருந்து வெட்டி எடுக்கும் கனிமம். அதன் பாறைகளுக்கு அருகிலேயே ஆஸ்பெஸ்டாஸும் கிடக்கும் என்பதுதான் சிக்கல். வழக்குகள் குவிய, பவுடர் பாதுகாப்பானதே என்று வாதாடிக்கொண்டே, ஜான்சன் அண்ட் ஜான்சன் 2020-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-ல் உலகம் முழுக்கவும் டால்க் பவுடரை நிறுத்தியது. மறுபக்கம், கச்சா எண்ணெயில் பிறந்த வாஸ்லின், நன்றாகச் சுத்திகரித்துவிட்டால், பிள்ளையின் இடுக்குப் புண்ணுக்குச் சாதுவான பூச்சு. சுத்தி என்ற சொல் இங்கேயும் வந்து நிற்பதைக் கவனிக்கலாம். எண்ணெய்களுக்குள்ளும் இதே கதைதான். டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது மருத்துவமனைத் தொற்று குறைந்தது என்று 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆலிவ் எண்ணெயோ தோலின் காப்பரணைத் தளர்த்துகிறது என்று 2013-ல் இங்கிலாந்தில் வேறோர் ஆய்வு சொன்னது. இரண்டும் விதையும் கனியும் தந்தவைதாம். தடவிப் பார்த்துக் கணக்கெடுத்தவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது: தலைமுறை தலைமுறையாகப் பாட்டிமார் செய்து நாம் எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறோம்? அனுபவமும் சான்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாட்சி சொல்ல வந்திருப்பவர்கள் பிழைத்தவர்கள் மட்டுமே. தொப்புள்கொடியில் சாம்பலும் சாணமும் வைத்த காலத்தில் ஏழாம் நாள், எட்டாம் நாள் விறைத்துப்போன பிள்ளைகளுக்கு வாய் இல்லை. அந்த விறைப்பை உண்டாக்கும் பச்சிளங்குழந்தை ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-ல்தான் அறிவிக்க முடிந்தது. தடுப்பூசி, சுத்தமான பிரசவம், எதுவும் வைக்காமல் காயவிட்ட கொடி ஆகியவை சேர்ந்து செய்த வேலை அது. பாட்டியின் கைப்பக்குவத்தில் காப்பாற்ற வேண்டியது நிறைய உண்டு. சூடு பார்க்கும் புறங்கையும், முழங்காலில் கிடத்தி எண்ணெய் நீவும் நிதானமும் எந்தப் புட்டியிலும் கிடைக்காது. மென்மை அந்தக் கையில் இருந்தது. சரக்கில் இருந்ததாக நாம் நினைத்துக்கொண்டோம்.

வேடிக்கை என்னவென்றால், பிள்ளையின் தோலுக்கு இயற்கை நிஜமாகவே மென்மையான ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறது, அதைத்தான் நாம் முதலில் தேய்த்துக் கழுவுகிறோம். பிறந்த உடம்பில் வெண்ணெய் போல ஒட்டியிருக்கும் வெண்படலம் ஈரத்தைக் காக்கும், கிருமியைத் தடுக்கும். முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டி. நம் கண்ணுக்கு அது அழுக்கு. தாயின் வயிற்றில் விழும் கோடுகளும் அப்படித்தான் குறையாகப் படுகின்றன. அவற்றை எந்தப் பூச்சும் தடுத்ததற்கு உறுதியான சான்று இல்லை, இருந்தும் புட்டிகள் விற்கின்றன. எது மாசு என்ற கேள்வியைத் திருமுல்லைவாயில் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. வாள் வெட்டுப் பட்டவருக்கு அங்கே மாசிலாமணீஸ்வரர் என்று பெயர். காப்புக் களைந்து அந்தத் தழும்போடு நிற்கும் திருமேனியைப் பார்க்கத்தான் சித்திரைச் சதயத்தில் கூட்டம் நெரிகிறது.