யாருக்காக இந்த நிழல்?

ஏப்ரல் கடைசியில் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு சின்ன அறிவிப்பு வரும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைகாலப் பயிற்சி முகாம். மாவட்ட விளையாட்டரங்கில் தடகளம், கபடி, கையுந்துபந்து, கால்பந்து என்று பல விளையாட்டுகள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பும் மாலையில் வெயில் தாழ்ந்த பின்பும் பயிற்சி. 18 வயதுக்கு உட்பட்ட மாணவ, மாணவியர் கலந்துகொள்ளலாம். 'மாணவியர்' என்ற சொல் அறிவிப்பில் தவறாமல் இருக்கும். மைதானத்தில்தான் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரிலும் இப்படியொரு முகாம் நடக்கிறது. இரண்டு கோடைகளாக என் மகளை அழைத்துப் போய்விட்டு, பயிற்சி முடியும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டு, ஒன்பது வயதுக் குழுவில் சிறுமிகளும் சிறுவர்களும் ஏறக்குறையச் சமமாக இருக்கிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குழுவில் சிறுமிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே வயதுப் பையன்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் மகளுக்குப் பத்து வயது. அன்று ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள் அவள்தான்.

"நல்லா ஓடுறாளேங்க" என்றேன்.

"ஓடுறாதான். அடுத்த வருஷம் அனுப்ப மாட்டேங்க்கா. ஏற்கெனவே மாநிறம். இந்த வெயில்ல ஓடி இன்னும் கறுத்துட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?"

அவர் கொடுமைக்காரர் இல்லை. மகளுக்குத் தண்ணீர் பாட்டிலும் வேகவைத்த முட்டையும் எடுத்துக்கொண்டு, காலை ஐந்தரைக்கே பஸ் ஏறி வந்தவர். அந்த ஓட்டத்தை என்னைவிட அதிகமாக ரசித்தவரும் அவர்தான். ஆனாலும் அவர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். பத்து வயதுச் சிறுமி வெயிலில் ஓடலாமா கூடாதா என்ற முடிவில், இன்னும் யாரென்றே தெரியாத ஒருவனுடைய விருப்பம் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் கேட்க நினைப்பது இதைத்தான்: ஒரு சிறுமியின் உடலை நாம் பத்திரப்படுத்துவது யாருக்காக?

விழுந்த குழந்தையிடம் நாம் சொல்வதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பையன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், "ஆம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் ஒரு அடியா, மண்ணைத் தட்டிட்டு ஓடு" என்கிறோம். பெண் குழந்தை வந்தால், "ஐயையோ, தழும்பு விழுந்துடப்போகுது" என்கிறோம். ஒரே மண், ஒரே காயம். பையனின் காயம் அவனுடையது, அது ஆறிவிடும், அதிலிருந்து அவன் எதையோ கற்றுக்கொள்வான். பெண்ணின் காயம் ஒரு பொருளில் விழுந்த கீறல். அந்தப் பொருளைப் பின்னால் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. "இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்கு இதுதான் பொருள். அவள் தன் உடலில் குடியிருக்கிறாள், அவ்வளவுதான். உரிமைப் பத்திரம் வேறு பெயரில் இருக்கிறது.

2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. டப்பாவிலிருந்து போன சொல் வீட்டுப் பேச்சிலிருந்து போகவில்லை.

"வெயில் உடம்புக்கு ஆகாதுதானே, அதிலென்ன ஆண் பெண்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கத்தரி வெயிலில் நடுப்பகலில் எந்தக் குழந்தையும் மைதானத்தில் இருக்கக் கூடாது. அதனால்தான் முகாம் காலையிலும் மாலையிலும் நடக்கிறது. தண்ணீர், தொப்பி, ஓய்வு எல்லாம் எல்லாக் குழந்தைகளுக்கும் வேண்டும். வெப்பத் தாக்குக்கு ஆண், பெண் தெரியாது. கறுத்துவிடுவாள் என்ற கவலைக்கு மட்டும் நன்றாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் பெண்கள் வெயில் படாமலா வாழ்கிறார்கள்? நடவும் களையெடுப்பும் அவர்கள்தான். நூறு நாள் வேலையில் மண்வெட்டியோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோடை விடுமுறையில் ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் குடிநீர்க் குழாயடியில் குடத்தோடு காத்திருக்கவும் சிறுமிகளைத்தான் அனுப்புகிறோம். அப்போது "கறுத்துடுவே" என்று எந்த வீட்டிலும் குரல் கேட்பதில்லை. வேலைக்கு என்றால் வெயில் ஆகும், விளையாட்டுக்கு என்றால் ஆகாது. நிழல் கிடைப்பதிலும் சாதியும் வர்க்கமும் உண்டு. சூளையிலும் வயலிலும் நிற்கும் பெண்ணின் தோலைப் பற்றி ஊர் கவலைப்பட்டதே இல்லை. ஆக, தடை வெயிலுக்கு அல்ல. பிறருக்கு எந்தப் பயனும் இல்லாமல் ஒரு சிறுமி தன் மகிழ்ச்சிக்காக மட்டும் உடலைச் செலவழிக்கிறாளே, அதற்குத்தான்.

சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்தவர். 2006இல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். சூளையில் கல் சுமக்கும் உடல் பெண்ணுடல்தானா என்று எவரும் சோதித்ததில்லை. ஓடி வென்ற உடலைச் சோதித்தார்கள்.

இது நம் ஊரின் பழக்கம் மட்டுமல்ல, பெரிய தத்துவமாகவே எழுதப்பட்டிருக்கிறது. சிந்தனையாளர் ரூசோ 1762இல் வெளியிட்ட 'எமில்' என்ற நூலில், குழந்தையைத் திறந்தவெளிக்கு அழைத்துப் போங்கள், ஓடட்டும், விழட்டும், விழுந்து எழுந்துதான் சுதந்திரத்தைக் கற்பான் என்கிறார். படிக்கும்போது நமக்கே மனம் குளிரும். ஆனால் அந்தக் குழந்தை பையன். நூலின் ஐந்தாம் பகுதியில் அவனுக்கு மனைவியாகப்போகும் சோஃபி வருகிறாள். அவளுடைய கல்வி முழுவதும் ஆணுக்குப் பிடித்தவளாக இருப்பதை ஒட்டியே அமைகிறது. சுதந்திரத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவருக்கும் சிறுமியின் உடல் பிறருக்கான உடலாகத்தான் தெரிந்தது.

முப்பது ஆண்டு கழித்து, 1792இல், மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அவருக்குப் பதில் எழுதினார். பெண் உடல் பலவீனமானது என்கிறீர்களே, வீட்டுக்குள் அடைத்து, ஓடவிடாமல் வளர்த்து அந்தப் பலவீனத்தை உண்டாக்கியதே நீங்கள்தானே என்று கேட்டார். அத்தோடு நிற்கவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பகல்நேரப் பள்ளிகள் வேண்டும், பள்ளியைச் சுற்றிப் பெரிய மைதானம் வேண்டும், குழந்தைகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருக்கக் கூடாது என்றார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் பெண்விடுதலைக்குப் போட்ட திட்டத்தில் மைதானத்துக்கும் இடம் இருந்தது. நம் திட்டங்களில் இருக்கிறதா?

1980இல் அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மேரியன் யங் 'பெண்ணைப் போல எறிதல்' என்றொரு கட்டுரை எழுதினார். பந்தை எறியும்போது சிறுமி கையை மட்டும் பயன்படுத்துகிறாள், சிறுவன் முழு உடலையும் சுழற்றி எறிகிறான் என்று சொல்லப்படுவதை எடுத்துக்கொண்டு, அது ஏன் என்று ஆராய்ந்தார். இயற்கை அதற்குக் காரணம் இல்லை என்பது அவர் முடிவு. தன் உடல் பார்க்கப்படுகிறது என்ற நினைப்போடு வளர்பவளால் அந்த உடலை ஒரு காரியத்தில் முழுதாக இறக்க முடிவதில்லை. ஒரு பாதி செய்கிறது, மறு பாதி தன்னையே வேவு பார்க்கிறது. முகாமில் இதைத் தினமும் பார்க்கலாம். கபடிக் களத்தில் பாடிப்போகும் பதின்மூன்று வயதுச் சிறுமி, எதிராளியைத் தொடுவதற்கு முன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறாள். அந்த ஒரு நொடியில் அவளைப் பிடித்துவிடுகிறார்கள்.

இங்கே "பாதுகாப்பு" என்ற சொல் வரும் என்று தெரியும். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மைதானங்களில் சிறுமிகளுக்குப் பாலியல் தொல்லை நடக்கிறது. பயிற்சியாளர்களே குற்றவாளிகளான வழக்குகள் உண்டு. ஆனால் இந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு ஆபத்துகளைப் போட்டுக் கட்டிவைத்திருக்கிறோம். விழுவது, சிராய்ப்பது, கறுப்பது, தோற்பது எல்லாம் ஒரு வகை. இவை குழந்தைப் பருவத்துக்குச் சொந்தமானவை, ஆறிவிடுபவை. ஒருவன் தொடக் கூடாத இடத்தில் தொடுவது வேறு வகை. அது குற்றம். 2012இன் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. முதல் வகையைக் குழந்தையிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை. இரண்டாவது வகையைத் தடுக்கும் பொறுப்பு குழந்தையுடையது இல்லை. இரண்டையும் ஒன்றாக்கி, கடைசியில் இரண்டுக்கும் சிறுமியையே வீட்டுக்குள் வைக்கிறோம். வீடாவது பத்திரமா? பாலியல் வன்முறை வழக்குகளில் குற்றம் சாட்டப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் தெரிந்தவர்களே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன.

எனவே மைதானத்திடம்தான் கேட்க வேண்டும். பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா? கழிப்பறை பூட்டாமல், தண்ணீரோடு, உள்தாழ்ப்பாளோடு இருக்கிறதா? மாலைப் பயிற்சி முடிந்து போகும் வழியில் விளக்கு எரிகிறதா? புகார் சொன்னால் கேட்பதற்கு ஆள் யார்? 1098 என்ற எண் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதியிருக்கிறதா? மாதவிடாய் நாளில் நாப்கின் எங்கே கிடைக்கும்? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாத இடத்தில், மகளை நிறுத்திக்கொள்ளும் தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் கணக்குக் கேட்கப்படுவது அவளிடம்தான். மகள் கறுத்தால், தழும்பு விழுந்தால், யாரோ ஏதோ சொன்னால், "நீ என்னத்த வளர்த்தே?" என்று மாமியாரும் கணவரும் கேட்பது அவளை. தடைபோடும் குரல் அம்மாவுடையதாக இருப்பதால், தடையும் அம்மாவுடையது என்று நாம் நினைத்துவிடுகிறோம். அவளை வெறும் காவலாளியாக வைத்திருக்கிறார்கள், சம்பளம்கூட இல்லாமல். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் எங்களில் எத்தனை பேர் வயதுக்கு வந்த பிறகு ஓடியிருக்கிறோம்? பஸ் கிளம்பிவிடுமே என்று ஓடியதைத் தவிர?

1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை என்கிறது. 2021 முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உரிமை இருக்கிறது, பஸ் இருக்கிறது, முகாம் நடக்கிறது. இவ்வளவு இருந்தும் ஒரு சிறுமி மைதானத்துக்குள் கால்வைக்க, அவள் உடல் அவளுடையது என்று வீட்டில் ஒருவராவது நம்ப வேண்டியிருக்கிறது. பெரிய வயதில் "என் உடல், என் உரிமை" என்று அவள் சொல்ல வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம். பத்து வயதில் முழங்கால்கூட அவளுடையதாக இல்லாவிட்டால், இருபது வயதில் திடீரென்று முழு உடலும் எப்படி அவளுடையதாகும்?

இந்த மே மாதம் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு சிறுமி முகமெல்லாம் வியர்த்து, கறுத்து, முழங்காலில் சிராய்ப்போடு வருவாள். காயத்தைக் கழுவி மருந்து போடுங்கள். பிறகு, இன்றைக்கு யார் ஜெயித்தது என்று கேளுங்கள். தழும்பைப் பற்றி அவளே ஒருநாள் சொல்வாள், எந்த ஆட்டத்தில் விழுந்தது என்று.