பறிக்கப்பட்ட வெள்ளி

புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைக் கூலித் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்திரராஜன். 2005-இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பர் 9 அன்று தோகா ஆசிய விளையாட்டில் அதே தூரத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் கடந்து மீண்டும் வெள்ளி பெற்றார். பந்தயத்துக்குப் பின் அவருக்குப் பாலினச் சோதனை நடந்தது. தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தரங்கமான மருத்துவ முடிவு நாடெங்கும் செய்தியானது.

அவர் ஊக்கமருந்து எடுத்தவர் அல்லர். பிறந்த உடலோடு ஓடியதற்கு ஒருவரைத் தண்டிக்கலாமா?

விதியின் பக்கமும் நியாயம் உண்டு. பருவ வயதுக்குப் பின் டெஸ்டோஸ்டிரோன் தசை வலுவையும் ஹீமோகுளோபினையும் கூட்டுகிறது. மகளிர் பிரிவு தனியே இருப்பதே இந்த வேறுபாட்டால்தான். நான்காவதாக வந்து பதக்கத்தைத் தவறவிடும் பெண்ணும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவரே. அவருடைய குறையைத் தள்ளிவிட முடியாது. ஆகவே எங்கோ ஓர் எல்லை வேண்டும்.

அந்த எல்லைதான் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2014-இல் ஒடிசாவின் விரைவோட்ட வீராங்கனை தூத்தி சந்த் ஹார்மோன் அளவைக் காட்டி விலக்கப்பட்டார். அவர் வழக்காடவே, 2015-இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவ்விதியை நிறுத்திவைத்தது. 2018-இல் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு லிட்டருக்கு 5 நானோமோல் டெஸ்டோஸ்டிரோன் என்ற வரம்பு வந்தது. 2023-இல் அது 2.5 ஆகக் குறைந்து எல்லாப் போட்டிகளுக்கும் விரிந்தது. 2025 செப்டம்பர் முதல் மரபணுச் சோதனை. அறிஞர்களே திருத்தித் திருத்தி எழுதும் கோட்டை, சூளைத் தொழிலாளியின் மகள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பது என்ன நீதி?

தகுதியை வரையறுப்பது வேறு, தண்டிப்பது வேறு. இனி இந்தப் பிரிவில் ஓட இயலாது என்பதைப் பந்தயத்துக்கு முன்பே, மருத்துவ ரகசியம் காத்து, கலந்தாலோசனையோடு சொல்லியிருக்கலாம். ஓடவிட்டு, சோதித்து, ஊரறியப் பதக்கத்தைப் பறித்தது குற்றவாளியை நடத்தும் விதம். குற்றம் இல்லாத இடத்தில் அது அநீதியே.

கைவிட்டவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் அளித்தது உண்மை. ஆனால் தேசிய அளவில் அவருக்காக வாதாட யாரும் முன்வரவில்லை. 2012-இல் அவர் செங்கல் சூளையில் வேலை செய்துகொண்டிருந்தார். பிறகுதான் பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார்.

2009-இல் பெர்லினில் இதே 800 மீட்டரில் தங்கம் வென்ற காஸ்டர் செமன்யாவின் உடலும் விவாதத்துக்கு உள்ளானது. தென்னாப்பிரிக்க அரசு அவர் பக்கம் நின்றது. அந்தத் தங்கம் அவரிடமே இருக்கிறது.