லெவல் ஏறும் பிள்ளைகள்

பிள்ளைகளுக்கு வகுப்புகள் அதிகமாகிவிட்டனவா என்று கேட்டால் முதலில் மணிக்கணக்கைத்தான் பார்க்கிறோம். திங்கள் இந்தி, செவ்வாய் பாட்டு, புதன் அபாகஸ், சனி கராத்தே, ஞாயிறு காலை செஸ். சென்னையில் வசதியுள்ள நடுத்தர வீடுகளில் இது அதிசயமான அட்டவணை அல்ல.

அமெரிக்காவில் இந்தக் கவலை பழையது. உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1981-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஆனால் 2006-இல் ஜோசப் மஹோனியும் சக ஆய்வாளர்களும் கணக்குப் பார்த்தபோது, அந்நாட்டுப் பிள்ளைகள் இப்படிப்பட்ட வகுப்புகளிலும் செயல்பாடுகளிலும் செலவிட்டது சராசரியாக வாரம் 5 மணி நேரம்தான். ஏறக்குறைய 40 சதவீதம் பேர் எதிலுமே சேரவில்லை. சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தார்கள். நம் ஊரிலும் ஒரு நீச்சல் வகுப்புக்குக்கூட வழியில்லாத பிள்ளைகள் ஏராளம். ஆகவே இது கட்டணம் கட்ட முடிகிற வீடுகளின் பிரச்சினை.

அந்த வீடுகளிலும் பேராசை மட்டுமே காரணம் இல்லை. அப்பா அம்மா இருவரும் வேலை முடிந்து வர இருட்டிவிடுகிறது. தெரு முழுக்க வண்டிகள். இறங்கி விளையாடலாமென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஏதோ ஒரு வகுப்பில் இருக்கிறது. வகுப்பு என்பது பாதி கல்வி, பாதி பிள்ளைக்காவல். (இதை வெளியே சொல்லப் பலருக்கும் கூச்சம்.)

சேர்ப்பது எளிது, நிறுத்துவதுதான் கடினம். சிக்கல் அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. 1918-இல் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரச்சார சபையின் தேர்வுகளைப் பாருங்கள்: பிராத்மிக் முதல் பிரவீண் உத்தரார்த் வரை எட்டுப் படிகள், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. டிரினிட்டி கீபோர்டு தேர்விலும் எட்டு கிரேடு. கராத்தேக்கு பெல்ட், அபாகஸுக்கு லெவல். கற்பிப்பவருக்கு இந்த ஏற்பாடு வசதியானது, ஓரளவு நியாயமானதும்கூட. ஆனால் பாதியில் நிற்கிற பிள்ளை இதில் தோற்ற பிள்ளையாகிவிடுகிறது. "இவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப விடறதா?" என்ற கேள்விக்கு ஒன்பது வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? ஆசை போய் ஒரு வருடமாகியும் கட்டணம் போய்க்கொண்டே இருக்கும்.

குகேஷ் 2024-இல் உலக செஸ் சாம்பியன் ஆனதும் பெற்றோர் பலர் பிள்ளைகளின் அட்டவணையில் செஸ்ஸையும் சேர்த்தார்கள். அவர் வீட்டில் நடந்தது நேர் எதிர். நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியையே விட்டார்கள். அங்கே ஒன்றுக்காக மற்றவை குறைந்தன.

வகுப்பைக் குறைத்தால் மிஞ்சும் நேரம் வீண் அல்ல. 2014-இல் வெளியான கொலராடோ ஆய்வு ஒன்று ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தது. யாரும் வகுத்துத் தராத நேரம் அதிகம் கிடைத்த பிள்ளைகள், தாங்களே ஒரு இலக்கை வைத்துக்கொண்டு அதை நோக்கிச் செயல்படுவதில் மேலாக இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், இதுதான் காரணம் என்று அது நிறுவிவிடவில்லை. ஆனாலும் அடுத்து என்ன செய்வது என்பதை எப்போதும் வேறு யாரோ சொல்லிக்கொண்டிருந்தால், அதைத் தானே முடிவு செய்யும் பழக்கம் வருவது சிரமம் என்பது நம்பக்கூடியதே.

எனவே எத்தனை வகுப்பு என்பதைவிட, எதை நிறுத்தலாம் என்பதில் பிள்ளைக்குக் குரல் உண்டா என்பதே முக்கியம். ஒரு லெவல் முடிந்ததும், அடுத்ததற்குப் பணம் கட்டும் முன் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் கட்டாதீர்கள். அந்த மாலையில் வேறொரு வகுப்பையும் வைக்காதீர்கள்.