எந்தப் பழைய நிலை?

ஒரு பொருளைப் பழைய நிலைக்குக் கொண்டு வருவது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பழைய நிலைக்கு என்று யாராவது கேட்டுவிட்டால் சங்கடந்தான்.

இளம்பிள்ளையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ஓய்வு பெற்றதும் யாத்திரை போவார்கள். இவர் கொட்டகையில் கிடந்த தகப்பனாரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வெளியே இழுத்தார். “ஏனுங்க, இந்த வண்டிக்குப் பார்க்கிறதிலே பாதி உங்க முழங்காலுக்குப் பார்க்கக் கூடாதுங்களா?” என்று அவர் மனைவி கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

ஹெரால்டு நம் சென்னைப் பட்டணத்திலேயே உருவான கார். 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் அதைச் செய்து விற்றது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. மட்கார்டுகளோடு சேர்த்து முன்பக்கம் முழுவதையும் முதலை வாய் திறப்பது போல் முன்னோக்கிச் சாய்த்துவிடலாம். அடிச்சட்டம் வேறு, உடல் வேறு. தகடுகளைப் போல்ட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். கழற்றுவது சுலபம். ஆனால் கம்பெனியே மூடிப் போய்விட்டதால் கழற்றியதற்குப் பதில் கிடைப்பது அரிது. நண்பர் சில உறுப்புகளைச் சேலத்து லேத்துப் பட்டறைகளில் கடைந்து வாங்கினார். துருப்பிடித்து உதிர்ந்த தரைத் தகட்டை வெட்டி எறிந்து புதிதாக வைத்தார்.

கதவு விஷயத்தில்தான் தகராறு வந்தது. தகப்பனார் சேலை வியாபாரி. இரண்டு கதவு வண்டி. முன் இருக்கையைச் சாய்த்து, சேலை மூட்டைகளைப் பின்னால் திணித்துக்கொண்டு சேலத்துக்குப் போவார். மூட்டை உரசி உரசிக் கதவின் விளிம்பில் பெயின்ட் போய், இரும்பு வழவழவென்று தெரியும். அவர் மோதிரம் பட்டுப் பட்டு ஸ்டியரிங்கிலும் ஒரு சிறு பள்ளம். கதவை அடைத்துப் பூசினால் கண்ணாடி போல் ஆக்கித் தருவதாக டிங்கர் சொன்னார். வண்டி முதன்முதலில் வாசலில் வந்து நின்ற நாளில் எப்படி இருந்ததோ அப்படி வேண்டும் என்பது நண்பரின் ஆசை. ஆனாலும் கை ஓடவில்லை. என்னைக் கேட்டார்.

சட்டத்தைக் கேட்டிருந்தால் அதற்கு ஒரு பதில் உண்டு. 2021இல் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டி, அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் பழம்பெரும் வாகனம் என்று பதிவு பெறலாம். அப்படிப் பெற்றுவிட்டால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாமே தவிர, தினசரி சவாரிக்கு எடுக்கக் கூடாது. கௌரவம் கொடுத்து வீட்டில் உட்கார வைப்பது. மனிதர்களுக்கும் நாம் அதைத்தானே செய்கிறோம்!

இங்கிலாந்தில் ஒரு நீதிபதி வேறு மாதிரிச் சொன்னார். 1929இலும் 1930இலும் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி காரை ஒருவர் பெரும் விலைக்கு விற்க, வாங்க இசைந்தவர்கள் அது அசல் அல்ல என்று பின்வாங்கினார்கள். உண்மைதான்; என்ஜின், சட்டம், உடல் எல்லாமே காலப்போக்கில் மாறியிருந்தன. 1990இல் வழக்கு முடிந்தபோது, அது தன் சரித்திரம் அறுபடாமல் வந்த வண்டியாகையால் அந்தப் பெயருக்கு உரியதே என்று தீர்ப்பாயிற்று. மிலிந்தனுக்கு நாகசேனர் ரதத்தைக் காட்டி, அச்சா ரதம், சக்கரமா ரதம் என்று கேட்டு மடக்கியதைப் படித்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு வியப்பளிக்காது. இளம்பிள்ளைத் தறிக்காரர்களுக்கும் வியப்பளிக்காது. பாவு தீரும்போது பழைய இழைகளின் நுனியோடு புது இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துவிட்டு நெசவைத் தொடருவார்கள். நூல் புதிது, தறியில் ஓட்டம் பழையது.

ஆனால் நீதிபதிக்கும் நாகசேனருக்கும் கதவு விளிம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் நண்பரிடம் சொன்னது இதுதான்: துருவும் தேய்மானமும் ஒன்றல்ல. துரு, யாரும் தொடாமல் விட்டதனால் வந்தது. தேய்மானம், ஒருவர் தொட்டுக்கொண்டே இருந்ததனால் வந்தது. வாசலில் வந்து நின்ற அன்று அந்த வண்டியில் உங்கள் அப்பா இல்லை. அது யாருடைய வண்டியாகவும் இருந்திருக்கலாம்.

ஊருக்கு அருகே கஞ்சமலை. அதன் அடிவாரத்துச் சித்தர் கோயில் கதை அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். சோற்றை ஏதோ மூலிகைக் குச்சியால் கிளறிய சீடர், சோறு கறுத்துவிட்டதே என்று பயந்து தாமே அதைச் சாப்பிட, கிழவர் குமாரனாகிவிட்டாராம். ஊருக்கு இந்தப் பெயர் வந்ததற்கே அதுதான் காரணம் என்பாரும் உண்டு. எனக்கு அதில் எப்போதும் உறுத்துவது ஒன்று. குமாரனாக வந்து நின்றவரைக் குரு முதலில் அடையாளம் கண்டுகொண்டாரா?

நண்பர் பழம்பெரும் வாகனப் பதிவுக்குப் போகவில்லை. சாதாரணப் பதிவையே தகுதிச் சான்று வாங்கிப் புதுப்பித்துக்கொண்டு, அமாவாசைதோறும் மனைவியைச் சித்தர் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். உடல் முழுவதும் புதுப் பெயின்ட் பளபளக்கிறது. கதவு விளிம்பு மட்டும் அப்படியே. துருவேறாமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறார். தம்மிடம் வேலை பார்த்த வண்டி என்று வெளியில் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று டிங்கர் கேட்டுக்கொண்டாராம்.