ஓலை வாசிப்பதற்கு முன்

கிறிஸ்தவக் குடும்பமொன்றில் விவாகப் பேச்சு எழுந்துவிட்டால், ஆராதனை எந்த ஆலயத்தில், விருந்து எந்த மண்டபத்தில், தாலியில் பொறிக்க வேண்டியது சிலுவையா புறாவா என்பது வரைக்கும் பெரியவர்கள் வாரக்கணக்கில் கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்கள். ஆனால், மணக்கப்போகிற இருவரும் ஒருவருக்கொருவர் சிநேகிதர்களாக இருக்கிறார்களா, இருக்கக்கூடியவர்கள்தானா என்ற கேள்வியை மட்டும் அந்தக் கூட்டத்தில் யாரும் எழுப்புவதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. திருச்சபையோ விவாக அறிவிப்பாகிய ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வாசித்து, தடை ஏதேனும் உண்டா என்று சபையாரை விசாரிக்கிறது. இவையெல்லாம் அவசியமானவையே. எனினும், நீலகிரியில் நெடுங்காலம் வாசம் செய்து, இம்மலையின் சிறிய சபைகளில் எத்தனையோ நிச்சயதார்த்தங்களையும் அவற்றின் பின் நடந்த இல்லறங்களையும் அருகிலிருந்து பார்த்துவிட்ட எனக்கு, எழுப்பப்படாத அந்த ஒரு கேள்வியே மற்ற எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுகிறது.

இதைச் சிந்திக்கும்போதெல்லாம், 1883இல் விவாகம் செய்துகொண்டு உதகமண்டலத்தில் முதற் குடித்தனம் நடத்திய ஒரு தம்பதியின் நினைவு எனக்கு வருகிறது. மனைவி கிருபாபாய். பிராமண குலத்தினின்று கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவிய ஹரிபந்த் கிஸ்தி, ராதாபாய் என்போரின் மகளாக 1862இல் அகமத்நகரில் பிறந்தவர், தாய்மொழி மராத்தி. இங்கிலாந்துக்குச் சென்று மருத்துவம் பயில உதவி கிடைத்தும், தேகஸ்திதி இடந்தராததால் அந்தப் பிரயாணம் கைகூடாமற் போக, 1878இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். உறவென்று சொல்லிக்கொள்ள ஒருவருமில்லாத அந்நகரத்தில் அவருக்கு இடமளித்தது, சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் குருவானவர் சத்தியநாதனுடைய இல்லம். அந்த இல்லத்தின் தலைவியான அன்னாள் அம்மையார், வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண்களை அவரவர் வீடு தேடிச் சென்று படிப்பிப்பதைத் தம் ஊழியமாகக் கொண்டிருந்தவர். அங்கே கிருபாபாய் முதலில் நுழைந்தது மருமகளாக அல்ல, படிக்க வந்த ஒரு பெண்ணாக. இதை நான் அற்ப விஷயமாகக் கருதவில்லை. ஒரு பெண்ணை அவளுடைய படிப்பையும் பிரயத்தனத்தையும் கொண்டு முதலில் அறிந்த குடும்பம், பிற்பாடு அவளை அடுப்படியைக் கொண்டு மட்டும் அளக்காது.

முதலாண்டுத் தேர்ச்சியில் எல்லோரும் வியக்கும்படி விளங்கியவருக்கு, அந்த உழைப்பே தேகத்தை முறித்துவிட்டது. மருத்துவக் கல்வியைக் கைவிட்டுப் புனாவிலிருந்த சகோதரியிடம் சென்று இளைப்பாறிவிட்டு, மீண்டும் சென்னைக்குத் திரும்பிய காலத்தில்தான், கேம்பிரிட்ஜில் பயின்று வந்திருந்த அவ்வீட்டுப் புதல்வர் சாமுவேலோடு அவருக்குச் சிநேகம் உண்டாயிற்று. அவர் தமிழர், இவர் மராத்தியர். குலமும் வேறு, வளர்ந்த ஊரும் வேறு. தம்முடைய பெரிய ஆசையொன்று நிறைவேறாமல் ஒடிந்துபோன வேளையில் வந்த சிநேகம் அது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வெற்றியின் உச்சியில் நிற்பவரோடு சிநேகம் பாராட்டுவது சுலபம். நினைத்த காரியம் கைகூடாமற் போனவரிடத்தில், இனி எதையேனும் சாதிப்பார் என்று நம்பிக்கை வைப்பதற்கு உண்மையான மதிப்பு வேண்டும். அந்த நட்பு கனிந்து 1883இல் விவாகமாயிற்று.

அதன்பின் சீக்கிரத்திலேயே சாமுவேல் உதகமண்டலத்திலுள்ள பிரீக்ஸ் ஞாபகார்த்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக நியமனம் பெற்றார். நீலகிரியின் முதல் கமிஷனராயிருந்து 1872இல் காலமான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸின் நினைவாக 1874இல் ஏற்பட்ட பள்ளி அது. உதகைவாசிகளுக்கு இன்றும் தெரிந்த பெயர். மாமியார் வீட்டின் நிழலும் தாய்வீட்டின் துணையும் இல்லாமல், குளிரும் மூடுபனியும் சூழ்ந்த ஓர் அந்நிய ஊரில், புதிதாக மணந்த இருவர் தனித்து விடப்படும்போது, அவர்களுக்கிடையே இருப்பது வெறும் சடங்கின் பந்தமா, சிநேகத்தின் பந்தமா என்பது சில மாதங்களிலேயே வெளியாகிவிடும். வேலையின் நிமித்தம் சமவெளியிலிருந்து இந்த மலைக்குக் குடியேறிய இளந்தம்பதிகள் பலரிடத்தில் இதை நான் கண்டிருக்கிறேன். பேசிப் பழகியவர்களுக்கு மழைக்காலத்து நீண்ட மாலைப்பொழுது வரப்பிரசாதம். பேசுவதற்கு ஒன்றுமில்லாதவர்களுக்கு அதே மாலைப்பொழுது பெரும் பாரம்.

கிருபாபாய் அந்த உதகை வாழ்வில் செய்தவற்றைப் பாருங்கள். மலைக்காற்றில் ஆரோக்கியம் சற்றே தேறியதும், சர்ச் மிஷனரி சங்கத்தாரின் உதவியோடு முஸ்லிம் சிறுமிகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். வேறு பெண் பள்ளிகளிலும் சென்று பாடம் சொன்னார். தோடர்களைக் கண்டு வந்ததைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, தம் பெயரை வெளியிடாமல், ‘ஓர் இந்திய மாது’ என்ற அளவில் ‘சவுத் இந்தியா அப்சர்வர்’ பத்திரிகையில் பிரசுரமாயிற்று. எழுத்தாளர் கிருபாபாய் பிறந்தது அந்த உதகை இல்லத்தில்தான். பின்னர் ராஜமகேந்திரபுரம், கும்பகோணம், மறுபடியும் சென்னை என்று ஊர்கள் மாறின, ஒரே குழந்தையும் ஒரு வயது நிரம்புமுன் மரித்தது, நோய் விட்டபாடில்லை. அத்தனைக்கும் நடுவே, தம் வாழ்க்கையையே பெரிதும் தழுவி அவர் எழுதிய ‘சகுணா’ நாவல் 1887 முதல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடராக வந்தது. ‘கமலா’ என்ற நாவலை நோய்ப்படுக்கையிலும் விடாமல் எழுதி முடித்து, 1894இல், தம் முப்பத்திரண்டாவது வயதில் காலமானார். சாமுவேல் பின்னர் மணந்த கமலா அம்மையார் 1901இல் ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கி நடத்தியதையும் சேர்த்து நினைத்தால், அந்தக் கணவர் எத்தகைய சிநேகிதர் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், மொழியும் குலமும் கடந்து, சிநேகத்தின் வழியாகவே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இப்படியொரு விவாகத்தை நடத்தி வைத்திருக்க, இன்று நம்முடைய மணமகள் தேவை விளம்பரங்களில் விசுவாசத்துக்கு முன்பாகச் சாதி அச்சிடப்படுவதைக் காணும்போது என் மனம் மிகவும் நோகிறது. ஒரே பந்தியில் திருவிருந்து அருந்துகிறவர்கள் சம்பந்தம் என்று வந்தவுடன் பிரிந்து நிற்பது சுவிசேஷத்துக்கே விரோதம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆயினும், அவநம்பிக்கைக்கு இடமில்லை. குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையில் சில காலத்துக்கு முன் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. பையன் தொழிற்சாலையில் இலை வாட்டும் இடத்தில் இரவுப் பணி பார்க்கிறவன். தாயும் தகப்பனும் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள். பெண் தோட்டத்துப் பள்ளியின் ஆசிரியை. வேறு சமூகத்தைச் சேர்ந்தவள். இருவரும் பாடகர் குழுவில் பழகியவர்கள். மோதிரம் மாற்றுவதற்கு முன் போதகர் பெண்ணைத் தனியே அழைத்து, “அம்மா, வீட்டாருக்காகச் சொல்லாதே, உன் மனசில் உள்ளதைச் சொல்லு. இந்தத் தம்பியை உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். அவள் சற்று யோசித்து, “தெரியும் ஐயா. அவங்க வீட்டுக் கடன் எவ்வளவுன்னு மறைக்காம முதல்லயே சொன்னாங்க. நான் பி.எட். முடிக்கணும்னு சொன்னப்ப, அதுவரைக்கும் காத்திருக்கிறேன்னாங்க. பாட்டில சுருதி விட்டா அதையும் முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க” என்றாள். போதகர் சிரித்துவிட்டு ஜெபம் செய்தார். கடனைச் சொன்ன நேர்மை, படிப்புக்காகக் காத்திருக்கும் பொறுமை, தவற்றை எடுத்துச் சொல்லும் உரிமை ஆகிய மூன்றும் அந்த எளிய பதிலில் அடங்கியிருந்தன. மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கிற எந்த மாமாவும் அத்தையும் அவற்றை விசாரித்து அறிந்திருக்க முடியாது.

தேயிலை நாற்றை வளர்க்கிறவர்கள் நிழற்பந்தலைச் சிறிது சிறிதாக விலக்கி, வெயிலுக்குப் பழக்கிய பிறகே அதைத் தோட்டத்தில் கொண்டுபோய் நடுகிறார்கள். நிச்சயதார்த்தத்துக்கும் ஓலைக்கும் இடைப்பட்ட காலத்தையும் நாம் அவ்வாறே உபயோகிக்க வேண்டும். பணம், பெற்றோர் பராமரிப்பு, பிள்ளைகள், வேலை, விசுவாசம் ஆகியவற்றைப் பற்றி இருவரும் கருத்து மாறுபட்டுப் பேசவும், மாறுபட்ட பின்னும் மரியாதை குன்றாமலிருக்க முடியுமா என்று அறியவும் அதுவே தருணம். அப்படியிருக்க, பட்டுப்புடவை எடுப்பதிலும் அழைப்பிதழ் அடிப்பதிலும் அந்த மாதங்கள் அனைத்தையும் நாம் செலவழித்துவிடுகிறோம்.

ஆகையால், மகனோ மகளோ மணப்பருவத்தில் இருக்கும் வீடுகளிலுள்ள பெரியவர்களை நான் பணிவுடன் வேண்டிக்கொள்வது இதுதான்: அவர்கள் இருவரும் பேசிப் பழகட்டும், சிநேகம் அரும்பியிருந்தால் அதன் சாதியை விசாரிக்காதீர்கள், நீங்களே பார்த்து வைத்த சம்பந்தமானாலும், ஓலை கொடுக்குமுன் சில மாதங்கள் பொறுத்திருங்கள். அந்த மாதங்களின் முடிவில் பெண் “வேண்டாம்” என்று சொன்னால், மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும், அவள் வார்த்தையை ஏற்றுக்கொள்ளுங்கள்.