கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

தன் பொருளின்மேல் தனக்குள்ள உரிமையை விட்டு, அதைப் பிறனுக்கு உரியதாக ஆக்குவதே தானம் என்று நம் தர்ம சாஸ்திரங்களை ஆராய்ந்த மீமாம்சகர்கள் இலக்கணம் வகுத்தார்கள். கொடுப்பவனுடைய அன்பைப் பற்றியோ வாங்குபவனுடைய தகுதியைப் பற்றியோ பேச்செடுப்பதற்கு முன்பே, கொடுக்கப்படும் பொருள் யாருடையது என்ற கேள்வி இந்த இலக்கணத்தின் வாசலில் வந்து நின்றுவிடுகிறது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறவனை ஊர் பழிப்பது, அவன் பக்தியில் குறை கண்டு அன்று. தேங்காய் அவனுடையது அன்று என்பதால்தான். இந்தப் பழைய விசாரணையை இணையச் சந்தைகளின் சந்தாத் திட்டங்கள் குறித்தும், அவற்றால் சிறு வியாபாரிகளின் தலையில் விழும் அஞ்சல் செலவு குறித்தும், திரும்பி வரும் பொட்டலங்கள் குறித்தும் இன்று நடத்த வேண்டியிருக்கிறது என்று கருதுகிறேன்.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் பொருள்களைச் செய்து வெளியூருக்கு அனுப்பியே வாழும் ஊர்கள். அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் டைட்டனும் ஓசூரில் நிலைபெற்ற பிறகு, உதிரிப் பாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் மூக்கண்டப்பள்ளியிலும் பேகேப்பள்ளியிலும் பெருகின. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாங்கூழ் ஆலைகள் எழுந்தன. ஓசூர் ரோஜா கடல் கடந்து போயிற்று. பட்டறையில் கூலிக்கு இருந்து தொழில் கற்றவர்களும், கணவன் ஷிப்டுக்குப் போனபின் வீட்டிலிருந்தே கேழ்வரகு மாவும் மாங்காய்த் தொக்கும் தயாரிக்கிற பெண்களும் இன்று கைப்பேசியிலேயே கடை திறந்திருக்கிறார்கள். கர்நாடக எல்லையோரத்தில் வாழ்வதால் இவர்களுக்கு ஒரு தனிச் சங்கடமும் உண்டு. 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி வந்து, ஜூஜுவாடியின் வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் காத்துக் கிடப்பது ஒழிந்தது. எல்லை மட்டும் ஒழியவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் சிறு விற்பனையாளர்கள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே இணையச் சந்தையில் விற்கலாம் என்று சலுகை அளித்த அரசு, அதைச் சொந்த மாநிலத்துக்குள் விற்பதோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே பதிவில்லாத ஓசூர்க்காரருக்கு 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னை திறந்திருக்கிறது; சுமார் 10 கிலோமீட்டரில் எல்லைக்கு அப்பால் உள்ள அத்திப்பள்ளி மூடியிருக்கிறது.

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம், ஆண்டுக்கு 79 டாலர் கட்டியவருக்கு அஞ்சல் செலவின்றி இரண்டே நாளில் பொருள் வந்து சேரும் என்ற ‘பிரைம்’ திட்டத்தைத் தொடங்கிற்று. 2016 ஜூலையில் அது இந்தியாவுக்கு வந்தது. 2018 ஆகஸ்டு 15 அன்று பிளிப்கார்ட் தொடங்கிய ‘பிளஸ்’ திட்டத்துக்குக் கட்டணமே இருக்கவில்லை. வாங்க வாங்கச் சேரும் நாணயங்களே அதற்கு நுழைவுச் சீட்டாயின. இத்திட்டங்கள் வாங்குபவருடைய மனத்தில் ஒரு சூட்சுமமான மாறுதலைச் செய்தன. முன்பு நான்கு சாமான் சேரட்டும் என்று காத்திருந்தவர், சந்தாவைக் கட்டிவிட்ட பிறகு, ஒரு சீப்பைத் தனியாகவும் ஒரு சோப்பைத் தனியாகவும் வரவழைக்கத் தயங்குவதில்லை. கட்டிய பணத்துக்கு மேல் பயன் காண வேண்டும் என்ற அவா அதற்குத் துணை நிற்கிறது. அனுப்புகிறவருக்கோ செலவு பொட்டலத்துக்குப் பொட்டலம் ஏறுகிறது. பெட்டியின் நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000ஆல் வகுத்து, வருகிற எண்ணைக் கிலோவாகக் கொள்வது கூரியர் தொழிலின் வழக்கம். மோட்டார் சைக்கிளின் பின்புறம் பொருத்தும் பிளாஸ்டிக் பெட்டியை 40, 40, 30 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில் அடைத்தால், தராசில் அது 3 கிலோ நின்றாலும், கணக்கில் 9.6 கிலோவாகிவிடும். இந்தத் தொகையும் கமிஷனும் பிற கட்டணங்களும் விற்பனைப் பணத்திலிருந்து கழிக்கப்பட்ட பிறகே மிச்சம் வியாபாரியின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்கிறது. பொருள் சந்தாத் திட்டத்தில் சேர்ந்தது என்று காட்டும், சந்தாதாரர் நம்பி வாங்குகிற முத்திரை தன் பொருளுக்கும் வேண்டுமென்றால், பெரும்பாலும் சரக்கைச் சந்தையின் கிடங்கிலேயே கொண்டு வைத்து, வாடகையும் கட்டணமும் கொடுக்க வேண்டும். சேர்ந்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை என்பது உண்மைதான். முத்திரையில்லாத பொருள் சந்தாதாரர் கண்ணில் படுவது அரிது என்பதும் உண்மை.

சந்தாத் திட்டத்தால் நன்மையே இல்லை என்று சொல்வது அதர்மமாகும். தெருமுனைக் கடையில் ஆண்டு முழுவதும் உட்கார்ந்தாலும் கிட்டாத வாடிக்கையாளர்களை அது கொண்டுவந்து தருகிறது. நான் கேட்பது லாப நஷ்டத்தின் அளவைப் பற்றிய கேள்வி அன்று. கொடை ஒருவர் பெயரிலும் செலவு வேறொருவர் பெயரிலும் எழுதப்படலாமா என்ற கேள்வி.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு சிறு விற்பனையாளர் வீட்டு வராந்தாவில், திரும்பி வந்த பெட்டியொன்றைத் திறந்துவைத்திருந்ததைப் பார்த்தேன். அவர் ஒட்டிய பழுப்பு டேப் கத்தியால் அறுக்கப்பட்டு, அதன்மேல் வேறு டேப் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே இருந்த வண்டிப் பெட்டியின் அடித்தட்டில் நட்டு முறுக்கிய வட்டத் தழும்புகள், ஓரத்தில் செம்மண், மூலையில் ஒரு பெட்ரோல் பங்க் ரசீது. திருப்பியதற்குக் காரணமாக ‘இப்போது தேவையில்லை’ என்று பதிவாகியிருந்தது. “ஸ்க்ரூ ரெண்டு காணோமுங்க சார்; புதுசுன்னு சொல்லி இதை எப்படி விக்கிறது?” என்று அவர் கேட்டார். போன கூலியும் வந்த கூலியும் அவர் கணக்கில் ஏறிவிட்டன. புகைப்படங்களோடு முறையிட்டால் ஒரு பகுதி கிடைக்கலாம். முறையிடுவதற்குள் அன்றைய பொட்டலங்கள் கட்டப்படாமல் நின்றுபோகும். வாங்கியவர் பார்சலைக் கையாலும் தொடாமல் வாசலிலேயே ‘வேண்டாம்’ என்று அனுப்பிவிடுவது வேறொரு வகை, அனுப்பியவருக்கே திரும்புதல் என்ற பொருளில் ‘ஆர்.டி.ஓ.’ என்று இவர்கள் அதைச் சொல்கிறார்கள். அதில் பொருள் பிழைத்தாலும் கூலி பிழைப்பது உறுதியில்லை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது பயன் தரும். 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அந்நிய முதலீட்டு விதிகள், அந்நிய மூலதனத்தோடு இணையச் சந்தை நடத்தும் நிறுவனம் அங்கே விற்கப்படும் சரக்குக்கு உரிமையாளராகவும் கூடாது, சரக்கைத் தன் ஆதிக்கத்தில் வைத்துக்கொள்ளவும் கூடாது என்று வலியுறுத்தின. சிறு வியாபாரிகளைக் காப்பதற்காகவே இது வந்தது. ஆனால் உரிமை விற்பவரிடமே நிற்கும்போது, திரும்பி வரும் சரக்கின் நஷ்டமும் அவரிடமே நிற்கிறது. தேங்காய் எவருடையது என்பதைச் சட்டமே இவ்வாறு தீர்த்துச் சொல்லிவிட்ட பிறகு, ‘இலவசமாகத் திருப்பலாம்’ என்று திரையில் அறிவிக்கிற நிறுவனத்தை அந்தக் கொடையின் கர்த்தா என்று எந்த நியாயத்தால் அழைப்பது? மீமாம்சகர்களின் இலக்கணப்படி அங்கே தானம் நிகழவே இல்லை. தானத்தின் புகழ் மட்டும் கைமாறியிருக்கிறது.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்றும் உண்டு. செய்த வினை பயன் தராமல் அழிவதைக் கிருதநாசம் என்றும், செய்யாத வினையின் பயன் ஒருவனைத் தேடி வருவதை அகிருதாப்யாகமம் என்றும் நம் தார்க்கிகர்கள் பெயரிட்டார்கள். எந்தச் சித்தாந்தத்தை ஏற்றால் இவ்விரு தோஷங்களும் நேருமோ அதை ஏற்கலாகாது என்பது அவர்கள் துணிபு. எல்லாம் கணந்தோறும் அழிந்து பிறக்கின்றன என்ற பௌத்தர்களின் க்ஷணிக வாதத்தை எதிர்த்து வைதிகரும் ஜைனரும் இதையே ஆயுதமாகக் கொண்டார்கள். ஆத்மாவைப் பற்றிய அந்த வாதம் முடிந்ததா இல்லையா என்பதை நான் தீர்மானிக்க வரவில்லை. ஆனால் அவர்கள் தத்துவத்திலும் சகிக்க மறுத்த அதே இரண்டு தோஷங்களும் ஒரு வியாபார ஏற்பாட்டில் அன்றாடம் நிகழ்கின்றன. அவசரத்தில் வாங்கி, இரண்டு நாள் பயன்படுத்தி, சலித்துத் திருப்பியவருடைய செயலுக்கு அவரிடத்தில் ஒரு பலனும் இல்லை. அளவு பார்த்துச் செய்து, சேதமின்றிக் கட்டி, சொன்ன நாளில் அனுப்பியவருக்கோ அவர் செய்யாத செயலின் பலன் முழுவதும் வந்து சேர்கிறது. ‘எல்லாம் அவரவர் பிராரப்தம்’ என்று இதற்கும் சமாதானம் சொல்பவர்கள் உண்டு. கர்ம சித்தாந்தம் ஒருவன் தன் துன்பத்தைத் தாங்குவதற்குக் கிடைத்த ஊன்றுகோல். அடுத்தவனுக்குத் தான் இழைத்த நஷ்டத்தை அவனுடைய பழைய கணக்கில் எழுதிவிட்டு நழுவுவதற்கு அதைப் பயன்படுத்துகிறவர், அந்தச் சித்தாந்தத்துக்கே துரோகம் செய்கிறார்.

சமூக வாழ்க்கையில் ஒருவர் செலவை மற்றொருவர் சுமப்பது புதிதா என்று கேட்கலாம். 1854ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம், தூரம் எதுவாயினும் கடிதத்துக்கு அரையணா என்று ஒரே கட்டணம் விதித்தபோது, பக்கத்து ஊருக்கு எழுதியவர் தூர தேசத்துக்கு எழுதியவரின் சுமையில் பங்கு கொண்டார். அதில் அதர்மம் ஏதும் இல்லை. விதி வெளிப்படையானது, இன்று பக்கத்து ஊருக்கு எழுதுகிறவர் நாளை தூர தேசத்துக்கும் எழுதுவார். பொருளைப் பெறும்போது பணம் கட்டுவதாக 1877இல் வந்த வி.பி.பி. அஞ்சல் முறையில், பெறுபவர் மறுத்தால் அனுப்பியவருக்கு அஞ்சல் கூலி நஷ்டம்தான். ஆனால் யாரை நம்பி அனுப்புவது என்பதை அனுப்புகிறவரே தீர்மானித்தார். இணையச் சந்தையில் விற்பவர் எவருக்கு விற்பதென்று தேர்ந்தெடுப்பதில்லை, திருப்பும் விதியை வகுப்பதில்லை, கூலி விகிதத்தையும் பேசி முடிப்பதில்லை. நீண்ட ஒப்பந்தத்தின் அடியில் ‘ஏற்கிறேன்’ என்று விரலால் ஒற்றியது சம்மதமாகாதா என்றால், மறுப்பதற்கு ஒரு வழி இருக்கும் இடத்தில்தான் சம்மதத்துக்கு உயிர் உண்டு என்பேன்.

வள்ளுவர் வாணிகருடைய அறத்தைப் பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலின் நடுவுநிலைமை அதிகாரத்துக்கு இறுதிக் குறளாக வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்பது அதன் கருத்து. விற்பவருக்குச் சொன்னதாகவே அதை எடுத்துக்கொள்கிறோம். திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரையில் பொருள் தமக்கு வேண்டுமா என்று தீர்மானிக்காமலே வைத்திருக்கும் வாங்குபவருக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம். அந்தச் சில நாட்களில் அவர் கையில் இருப்பது பாதி அடைக்கலப் பொருள். அதன் சுமை எவர் மேல் விழுகிறது என்று அவருக்குத் தெரிவதில்லை, திருப்பும்போது எந்தத் திரையும் அதைக் காட்டுவதில்லை. அறியாமல் செய்தவரைக் காட்டிலும், அறிய முடியாதபடி மறைத்தவரையே நான் குறை சொல்வேன்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், பழுதான பொருளையும், போலியையும், விளம்பரத்துக்கு மாறானதையும், சொன்ன நாள் கடந்து வந்ததையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. அது நியாயமான கடமை. அந்த நஷ்டத்தை விற்பவர்தான் தாங்க வேண்டும். மனம் மாறியது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே மனம் மாறித் திருப்புவது வாங்குபவரின் உரிமையாகாது, ஒருவர் அளிக்கிற சலுகை. சலுகை என்றால் அதன் செலவும் அளிப்பவர் பெயரிலேயே எழுதப்பட வேண்டும். சந்தை அளிப்பதானால் இருவழிக் கூலியையும் பொருளின் தேய்மானத்தையும் சந்தாப் பணத்திலிருந்து கொடுக்கட்டும். விற்பவர் அளிப்பதானால், அளிக்கவும் மறுக்கவும் அவருக்கு உரிமை தந்து, அளிக்கும்போது அவர் பெயரைப் பில்லிலேயே அச்சிடட்டும்.