உணவுக்குழாயில் சிக்கிய பொருளும் ஊழ்வினையும்

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது: பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம், நுகரும்போதே புதிதாகச் சேர்வது ஆகாமியம். மலேசியாவின் செனாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அத்துன்பம் பிராரத்தமே என நம்பும் பெற்றோர் அதை நீக்க விரைவது வினையின் போக்கில் குறுக்கிடுவதாகுமா?

கேடு எவ்வாறு விளைகிறது என்பதை அறியாமல் இதற்கு விடை கூற இயலாது. ஈரமான குழாய்ச் சுவரை ஒட்டி நிற்கும் பேட்டரியின் மின்னோட்டம் எச்சிலின் வழியே பாய, எதிர்முனைப் பக்கத்தில் கடுங்காரம் உண்டாகித் தசையைக் கரைக்கத் தொடங்குகிறது. 2 மணி நேரத்திற்குள் ஆழ்ந்த புண் ஏற்படலாம். கடிகாரத்தை ஓட்ட வலுவிழந்த பழைய பேட்டரியும் இதைச் செய்யவல்லது. நாணயத்தைப் போலத் தோன்றினாலும், எக்ஸ்ரே படத்தில் அதன் விளிம்பு பெரும்பாலும் இரட்டை வளையமாகத் தெரியும். வாய்வழியே செலுத்தப்படும் விளக்குப் பொருத்திய குழலான அகநோக்கியால் அதை உடனே எடுத்தாக வேண்டும்.

திருக்குறளில் ஊழுக்கு 38ஆம் அதிகாரமும் விடாமுயற்சியான ஆள்வினையுடைமைக்கு 62ஆம் அதிகாரமும் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை. மருந்து என்னும் 95ஆம் அதிகாரமோ, நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் எண்ணும் மருத்துவன் காலத்தையும் எண்ண வேண்டும் என்கிறது. பிராரத்தம் இன்னதென்பது நுகர்ந்த பின்னரே தெரியவரும். ஆகவே, இறப்பா பிழைப்பா என்று அறியாதவர் தம் தாமதத்திற்கு ஊழின் பெயரைச் சூட்ட உரிமையற்றவர். மருத்துவரின் கையும் அந்தப் பிராரத்தத்தில் அடங்கியிருக்கலாம். அறிந்தே காலம் தாழ்த்துவதோ சித்தாந்தத்தின் கணக்கில் ஆகாமியம், அதாவது பெற்றோர் தாமே ஈட்டும் புதுவினை.

திருநீறு பூசுவதும் நேர்த்திக்கடன் வேண்டுவதும் தவறல்ல; அவற்றை வண்டியில் போகும்போதே செய்யலாம். ஓராண்டு நிறைந்த குழந்தை விழுங்கி 12 மணி நேரம் கடக்காதிருந்து, விழுங்கவும் முடியுமானால், வழியில் 10 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம். வாந்தி எடுக்கச் செய்யலாகாது. பக்கத்திலுள்ள கூலாயில் அரசு மருத்துவமனை இருக்கிறது, அவசர அழைப்பிற்கு 999 இருக்கிறது. பெற்றோர் முதலில் அங்கே விரைய வேண்டும்.